கட்டுப்பல்லோடு வீச்சு வலை எறிய ஏலுமா?

கல்லடிப் பென்சன்காரன்:

வயது 63. முப்பத்தைந்து வருசம் கந்தோரில் கணக்கு எழுதினவன். மட்டக்களப்பு வாவிக்கரையில் பிறந்தும் வலையைத் தொட்டதில்லை. படிக்கிற பிள்ளைக்கு அது ஏன் என்று அப்பா விடவில்லை. பென்சன் எடுத்த மறுமாதமே ஒரு வீச்சு வலை வாங்கினேன். விலையை இங்கே எழுத மாட்டேன், மனிசியும் இதை வாசிப்பாள்.

பக்கத்து வளவுத் தம்பி பழக்கினான். கயிற்றை இடக்கை மணிக்கட்டில் மாட்டி, வலையை மடித்துப் பிடித்து, ஒரு பங்கை முழங்கையில் போட்டு, ஈயமணி ஓரத்தைப் பல்லால் கடித்துக்கொண்டு ஒருக்கா கிறுகி எறியவேண்டும். கடித்தேன், எறிந்தேன். வலையோடு என் மேல்வரிசைக் கட்டுப்பல்லும் போய்விட்டது. நல்ல காலம், முழங்காலளவு தண்ணி. வலையை இழுத்தபோது பல் உள்ளே கிடந்தது. அன்றைக்கு வலையில் பட்டது அது மட்டும்தான்.

பல்லைக் கழற்றிவிட்டுக் கடித்தால் பல்முரசு நோகுது. கடிக்காமல் எறிந்தால் வலை பிட்டுக்குழல் மாதிரி நீட்டுக்கு விழுது. மீனுக்காக இல்லை, மீன் சந்தையில் வாங்கலாம். அந்தத் தம்பி எறியும்போது வலை ஒரு கணம் வட்டமாக நிற்கும். மறுகா ஈயமணி முழுவதும் ஒரேயடியாகத் தண்ணியில் விழும். சோறு வடிக்கச் சட்டியைச் சரிக்கும்போது கேட்குமே, அப்படி ஒரு சத்தம். அது ஒருக்காவது என் கையால் வரவேணும். வழி தெரிந்தவர்கள் சொல்லுங்கோ.

கிரான்குளம் வலைக்காரன்:

ஐயா, முதலில் வலையைப் பாருங்கள். நூல் வலையா, தங்கூசியா (ஒற்றை இழை நைலோன் வலை)? தங்கூசி என்றால் அது தடை, திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

பல் இருக்கிறவனும் ஈயத்தைக் கடிக்கக்கூடாது. ஈயம் நஞ்சு. எங்கள் அப்பாமார் கடித்தார்கள்தான், அது பழக்கம், கட்டாயமில்லை. பல் பிடிக்கவேண்டிய ஓரத்தை இடக்கைப் பெருவிரலில் கொளுவுங்கள். மூன்றில் ஒரு பங்கு இட முழங்கையில், மிச்சத்தில் பாதி இடக்கையில், பாதி வலக்கையில். இடப்பக்கம் நன்றாகத் திரும்பி, இடுப்பால் சுழன்று வலக்கைப் பங்கை முதலில் விடுங்கள். முழங்கைப் பங்கு தானாக வழுக்கிப் போகும், பெருவிரல் கடைசியில் விடும். உங்களுக்குக் குழல் மாதிரி விழுவது, எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் விடுவதால். பெலத்தால் எறிகிற வேலை இல்லை இது.

தண்ணிக்குப் போகமுதல் புல்லில் பழகுங்கள். பழைய சைக்கிள் டயரைப் போட்டு அதை மூடப் பாருங்கள். சீமெந்துத் தரையில் வேண்டாம், நூல் தேய்ந்துவிடும். வலையை நனைத்து எறியுங்கள். கைக்கடிகாரம், பொத்தான் வைத்த சட்டை இரண்டும் வேண்டாம். கண்ணி பொத்தானில் மாட்டினால் வலையோடு நீங்களும் போவீர்கள்.

ஒன்று மட்டும் விளையாட்டில்லை. இடுப்பளவு தண்ணிக்கு இறங்காதீர்கள், பொழுதுபட்டால் கரையிலும் நிற்காதீர்கள். வாவியில் முதலை இருக்கு.

மருதமுனைத் தறி:

ஐயா, வலை பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. ஆனால் எங்கள் ஊரில் தறிச் சத்தம் கேட்டு வளர்ந்தும் 41 வயதில்தான் உம்மாவிடம் நெசவு பழகினேன். கால் மிதித்தால் கை நாடாவை (குறுக்கு நூலைக் கொண்டு ஓடும் கட்டை) மறந்துவிடும், நாடாவைப் பார்த்தால் கால் நின்றுவிடும். முதல் சாரனின் கரை உங்கள் வாவிக்கரை மாதிரி வளைந்து வளைந்து போனது. வாப்பா அதை வீட்டுக்குள் மட்டும் உடுக்கிறார், பள்ளிவாசலுக்குப் போகும்போது மாற்றிவிடுகிறார்.

ஏறாவூர்க்காரி:

அண்ணன், பல் கட்டின டொக்டரிடம் வலைக்கதை சொல்லிப்போடாதீங்கோ.

கல்லடிப் பென்சன்காரன்:

எல்லாருக்கும் நன்றி. மூன்று கிழமை கழித்து எழுதுகிறேன். வலை நூல்தான், பிரச்சினை இல்லை. விடியக்காலையில் பெனியனோடு வளவில் நின்று டயருக்கு எறிந்தேன். முதல் கிழமை டயர் தப்பியது, ஒரு கோழி அகப்பட்டது. பெருவிரல் யோசனை சரி. ஆனால் வலக்கையை முதலில் விடச் சொன்னால் என் கை கேட்காது. ‘வலது, முழங்கை, விரல்’ என்று வாய்விட்டுச் சொல்லிச் சொல்லி எறிந்தபோதுதான் பிடிபட்டது.

நேற்றுப் பின்னேரம் பழைய கல்லடிப் பாலத்தடிக்குப் போனேன். 2013இல் புதுப்பாலம் திறந்த பிறகு பழையதில் காற்று வாங்குகிறவர்களும் தூண்டில்காரரும்தான் நிற்கிறார்கள், அதுதான் கரைச்சல். ஐந்தாவது தடவையும் வலை சுருண்டு விழ, மேலிருந்து ஒருவர், “ஐயா, உடுப்பா காயப்போடுறீங்கள்?” என்றார்.

ஏழாவது விரிந்தது. முழு வட்டம் இல்லை, ஒரு பக்கம் கடித்த அப்பம் மாதிரி. ஆனாலும் சத்தம் வந்தது! மேலே நின்றவர் ஒன்றும் சொல்லவில்லை, தூண்டிலைப் பார்த்துக்கொண்டார். உள்ளே இரண்டு ஜப்பான் மீன் (திலாப்பியா) குஞ்சும் ஒற்றைச் செருப்பும். குஞ்சுகளை விட்டுவிட்டேன்.

ஈரச் சாரனோடு வெறுங்கையாய் வந்தவனை மனிசி வாசலில் வைத்தே மீன் எங்கே என்று கேட்டாள். சொல்லி முடிக்கமுதல் வலை என்ன விலை என்றாள். சொல்லவேண்டி வந்துவிட்டது.