டெக்சஸில் வாடகை வீடு, குடியிருப்பு கலிஃபோர்னியா: எல்.எல்.சி எந்த மாநிலத்தில்?

விரிகுடாவாசி:
சான் ஹோசேயில் இருக்கிறோம். டல்லஸ் பக்கம் இரண்டு வாடகை வீடுகள், கடன் எங்கள் சொந்தப் பெயரில். வழக்கு வந்தால் சொந்தச் சொத்தைக் காக்க, வீடுகளை எல்.எல்.சி (உரிமையாளரின் பொறுப்புக்கு வரம்பு வைக்கும் நிறுவனம்) பெயருக்கு மாற்ற யோசிக்கிறோம். வயோமிங் மாநிலத்தில் அதைத் தொடங்கினால் ஆண்டுக் கட்டணம் 60 டாலரோடு முடியும் என்கிறார்கள். சரிதானா?

கணக்குப்பிள்ளை:
சரியில்லைங்க. யாருக்கு வாடகைக்கு விடுவது, எந்த ரிப்பேருக்கு எவ்வளவு என்று நீங்கள் சான் ஹோசேயில் உட்கார்ந்து முடிவு செய்தால், அந்த எல்.எல்.சி கலிஃபோர்னியாவில் தொழில் செய்வதாகத்தான் வரித்துறை எடுத்துக்கொள்ளும். எந்த மாநிலத்தில் தொடங்கினாலும் கலிஃபோர்னியாவுக்கு ஆண்டுக்கு 800 டாலர் வரியும், எல்.எல்.சிக்கான வரிப் படிவம் 568-ம் உண்டு. டெக்சஸிலும் வெளிமாநில நிறுவனமாகப் பதிய 750 டாலர். பதியாவிட்டால் அங்கே கோர்ட்டில் வழக்குப் போட முடியாது. வாடகை தராதவரைக் காலி செய்யும்போது மாட்டிக்கொள்வீர்கள். டெக்சஸிலேயே தொடங்கினால் 300-தான். வயோமிங்கால் செலவு கூடுமே தவிர குறையாது.

பத்திரக்காரர்:
பத்திரத்தை எல்.எல்.சி பெயருக்கு மாற்றுமுன் கடனைப் பாருங்கள். பெயர் மாறினால் முழுக்கடனையும் உடனே கேட்கும் உரிமை கடன் கொடுத்தவருக்கு உண்டு. அந்த உரிமைக்கு 1982-ஆம் ஆண்டுச் சட்டம் தரும் விலக்குகளில் எல்.எல்.சிக்கு மாற்றுவது இல்லை. 2016 ஜூன் 1 அல்லது அதற்குப் பின் ஃபேனி மே (வங்கிகளிடமிருந்து வீட்டுக்கடன்களை வாங்கும் நிறுவனம்) வாங்கிய கடன் என்றால், உங்கள் கட்டுப்பாட்டில் உள்ள எல்.எல்.சிக்கு மாற்ற அனுமதி உண்டு. ஆனாலும் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

க்விட்கிளெய்ம் பத்திரம் (உரிமைக்கு எந்த உத்தரவாதமும் தராமல் மாற்றுவது) வேண்டவே வேண்டாம். டெக்சஸில் டைட்டில் கம்பெனிகள் (சொத்துரிமையைச் சரிபார்த்து இன்சூரன்ஸ் தருபவை) அதைக் கண்டாலே தயங்கும், பழைய டைட்டில் இன்சூரன்ஸும் கைவிட்டுப் போகலாம். ஸ்பெஷல் வாரண்டி பத்திரம் (உங்கள் கையில் இருந்த காலத்துக்கு மட்டும் உரிமைக்கு உத்தரவாதம் தருவது) போட்டு கவுண்டி அலுவலகத்தில் பதியுங்கள். அதோடு வீட்டு இன்சூரன்ஸ், வாடகை ஒப்பந்தம், வங்கிக் கணக்கு மூன்றும் எல்.எல்.சி பெயருக்கு வரவேண்டும். பாலிசி பழைய பெயரிலேயே இருந்தால் க்ளெய்மை மறுக்க அதுவே காரணமாகிவிடும்.

விரிகுடாவாசி:
நன்றி. வருமான வரியில் ஏதாவது மிச்சமாகுமா? இரண்டு வீட்டையும் ஒரே எல்.எல்.சியில் வைக்கலாமா?

கணக்குப்பிள்ளை:
ஒரு டாலர்கூட மிச்சமாகாது. உறுப்பினர் ஒருவர்தான் என்றால் வாடகைக் கணக்கு இப்போதுபோல உங்கள் சொந்த வரிப் படிவத்தின் ஷெட்யூல் ஈ-யில்தான் வரும். கணவன் மனைவி இருவரும் உறுப்பினர் என்றாலும், கலிஃபோர்னியா சமூகச் சொத்து மாநிலம் (மண வாழ்வில் சேர்த்தது இருவருக்கும் பொது) என்பதால் ஒருவர்போலவே காட்டலாம், கூட்டுத்தொழிலுக்கான படிவம் 1065 தேவையில்லை. எல்.எல்.சிக்கு எஸ் கார்ப்பரேஷன் என்ற வரி முறையைத் தேர்ந்தெடுக்க வேண்டாம். அப்படிச் செய்துவிட்டு, பின்னாளில் வீட்டை உங்கள் பெயருக்கு எடுத்தால், சந்தை விலைக்கு விற்றதாகக் கணக்கிட்டு வரி வரும்.

ஒரே எல்.எல்.சி என்றால் ஒரு வீட்டில் வரும் வழக்கு மற்ற வீட்டையும் தொடும். இரண்டு எல்.எல்.சி வைத்தால் கலிஃபோர்னியாவுக்கு ஆண்டுக்கு 1,600 டாலர். வீடுகளின் மதிப்பில் கடன் போக உங்கள் பங்கு இன்னும் சிறியதென்றால், சொந்தப் பெயரிலேயே வைத்து, வாடகை வீட்டு பாலிசியில் பொறுப்புத் தொகையை உயர்த்தி, மேலே 10 அல்லது 20 லட்சம் டாலருக்கு அம்ப்ரெல்லா பாலிசி (மற்ற பாலிசிகளின் வரம்பைத் தாண்டிய பொறுப்பை ஏற்கும் கூடுதல் இன்சூரன்ஸ்) எடுங்கள். வாடகை வீடுகள் அதில் சேருமா என்று மட்டும் முதலில் கேட்டுவிடுங்கள்.