விபாசனா உண்மையிலேயே புத்தர் கற்றுக்கொடுத்த முறைதானா?

மாலைநடை:
எஸ்.என். கோயங்கா என்ற தியான ஆசிரியரின் முறையில் நடக்கும் 10 நாள் விபாசனா முகாமுக்குப் போய் வந்தேன். முதல் மூன்று நாள் மூக்கு நுனியில் மூச்சைக் கவனிப்பது, நான்காம் நாளிலிருந்து தலை முதல் கால் வரை உடம்பில் எழும் உணர்ச்சிகளைப் பார்ப்பது. மாலையில் அவருடைய உரை போடுவார்கள். புத்தரின் இந்த முறை இந்தியாவில் அழிந்துபோய், பர்மாவில் மட்டும் குரு சீடர் வழியாகக் கலப்படமில்லாமல் வந்தது என்கிறார். எங்கள் அலுவலகத்துக்கு வரும் யோகா ஆசிரியரோ, அதெல்லாம் நேற்று வந்தது, பதஞ்சலி காலத்திலிருந்து மாறாமல் வருவது நாங்கள் சொல்லித்தரும் ஆசனம்தான் என்று அடித்துப் பேசுகிறார். தியானத்தைத் தொடரத்தான் நினைக்கிறேன். ஆனால் யார் சொல்வது உண்மை என்று தெரியாமல் உட்கார மனம் ஒப்பவில்லை.

கீழைக்காற்று:
கோயங்கா சொன்ன பரம்பரையில் பாதிக்கு நல்ல ஆதாரம் இருக்கிறது. அவருடைய குரு ஊ பா கின், பர்மா அரசில் கணக்குத் துறைத் தலைவராக இருந்தவர். அவருக்குக் கற்றுத்தந்த சயா தெட்ஜி ஒரு விவசாயி. அவருக்கு மேலே லெடி சயாடோ, 1923இல் காலமான பெரிய பிக்கு. 1885இல் ஆங்கிலேயர்கள் மன்னரைப் பிடித்துக்கொண்டுபோன பிறகு, இனி மடங்களை மட்டும் நம்பியிருந்தால் பௌத்தம் தங்காது என்று குடும்பஸ்தர்களுக்கும் தியானத்தைக் கொண்டுபோனவர்களில் அவர் முக்கியமானவர். அதுவரை சாதாரண ஜனங்கள் பெரும்பாலும் தானம், சீலம், பூஜை என்றுதான் இருந்தார்கள். லெடிக்கு மேலே புத்தர் வரை ஆள் ஆளாகப் பெயர் சொல்ல முடியுமா என்றால் முடியாது. அந்த இடத்தில் வரலாறு நின்று நம்பிக்கை ஆரம்பிக்கிறது.

இன்னொன்றையும் பாருங்கள். அதே பர்மாவில் மகாசி சயாடோ என்ற பிக்கு வயிறு எழுவதையும் தாழ்வதையும் கவனிக்கச் சொன்னார். அவரும் சதிபட்டான சுத்தத்தை, அதாவது விழிப்போடு கவனிப்பதைப் பற்றிய பாலி மொழி உபதேசத்தைத்தான் ஆதாரமாகக் காட்டுகிறார், கோயங்காவும் அதையேதான். அந்த சுத்தத்தை எடுத்துப் படித்தால் மூச்சு, நடை, உடம்பு, வேதனை (பாலியில் இன்பம், துன்பம் என எல்லா உணர்ச்சியும்), மனம் எல்லாம் வருகிறது, ஆனால் உச்சந்தலையில் தொடங்கி ஒவ்வொரு பகுதியாகக் கீழே இறங்கு என்ற வரிசையை அங்கே பார்க்க முடியாது. அது ஆசிரியர்கள் அனுபவத்தில் அமைத்துக்கொண்டது. அதனால் முறை பொய்யாகிவிடாது, ஆனால் 2500 வருஷமாக ஒரு எழுத்து மாறவில்லை என்பதை நான் ஏற்க மாட்டேன்.

பாய்விரிப்பு:
அந்த யோகா ஆசிரியருக்கும் இதே கேள்வியைப் போடுங்கள். பதஞ்சலியின் யோக சூத்திரத்தில் ஆசனத்துக்கு இருப்பது மூன்றே சூத்திரம், அசையாமல் சுகமாக உட்கார் என்பதுதான் அதன் சாரம், ஒரு ஆசனத்தின் பெயர்கூடக் கிடையாது. 15ஆம் நூற்றாண்டு யோக நூலான ஹடயோக பிரதீபிகையில்கூட விவரிப்பது 15 ஆசனம், அதிலும் பாதிக்கு மேல் உட்கார்ந்து செய்பவை. இன்று வகுப்பில் நின்றும் குனிந்தும் மூச்சோடு தொடர்ச்சியாகச் செய்கிறோமே, அந்த அமைப்பில் பெரும்பகுதி 1930களில் மைசூர் அரண்மனையில் கிருஷ்ணமாச்சாரியார் நடத்திய யோகசாலையில் உருவானது. அவர் யோக குரண்டம் என்ற பழைய நூலைச் சொல்வார், ஆனால் அந்தச் சுவடி யாருக்கும் கிடைக்கவில்லை. எறும்பு அரித்துவிட்டது என்பது அவருடைய மாணவர் பட்டாபி ஜோயிஸ் வழியில் சொல்லும் கதை.

கிருஷ்ணமாச்சாரியாரின் மாணவர்களையே எடுத்துக்கொள்ளுங்கள். புனேயில் பி.கே.எஸ். ஐயங்கார் கயிறு, கட்டை, நாற்காலி வைத்து நிமிடக்கணக்கில் ஒரே நிலையில் நிறுத்தினார். மைசூரில் பட்டாபி ஜோயிஸ் மாறாத வரிசையில் குதித்துக் குதித்துச் செய்யவைத்தார். சென்னையில் மகன் தேசிகாச்சார் ஆளுக்குத் தகுந்த மாதிரி தனித்தனியாகச் சொல்லித்தந்தார். ஒரே குரு, மூன்று வழி. நான் தேசிகாச்சார் வழியில் படித்தவள், அதனால் எனக்குச் சாய்வு உண்டு. ஆளைப் பார்த்து மாற்றிக்கொள்வதுதான் இதன் உயிர் என்று நினைக்கிறேன்.

கொங்கு வாசகன்:
மாற்றியதை மாற்றினேன் என்று சொல்லிவிட்டால் சண்டையே இல்லை. வேதாத்திரி மகரிஷி அப்படித்தான். குண்டலினி யோகத்தைக் குடும்பத்தில் இருப்பவர்களுக்காக எளிமைப்படுத்தினேன், உடற்பயிற்சியை நானே அமைத்தேன் என்றார். ஆழியாறில் உள்ள அவருடைய மையத்தில் யாரும் அதை மறைப்பதில்லை. ஆனால் கீழைக்காற்று சொல்வதில் எனக்கு ஒரு மறுப்பு உண்டு. பரம்பரையை வெறும் நம்பிக்கை என்று தள்ள வேண்டாம். மேலே ஒரு குரு இருந்தால் தவறு செய்யும் ஆசிரியரைத் தட்டிக்கேட்க ஆள் இருக்கும். 200 மணி நேர ஆசிரியர் பயிற்சிச் சான்றிதழோடு கடை விரிப்பவரை யார் கேட்பது? நான் போன ஒரு வகுப்பில், காலை நீட்டி உட்கார்ந்து முன்னால் குனியும் பச்சிமோத்தானாசனத்தில் ஐம்பது வயதுக்காரர் முழங்காலுக்கு மேல் குனிய முடியாமல் மூச்சை அடக்கிக்கொண்டு இருக்கிறார், ஆசிரியர் பின்னால் வந்து இரண்டு கையாலும் முதுகை அழுத்துகிறார். வலிக்கிறது என்றதற்கு, அது உங்கள் கர்மா கரைகிறது என்று பதில். அன்றோடு நான் அங்கே போவதை நிறுத்திவிட்டேன்.

கீழைக்காற்று:
பரம்பரை இருந்த இடங்களிலும் சீடர்கள் வாயைத் திறக்காமல் இருந்து கெட்டது நிறைய நடந்திருக்கிறதே. தட்டிக்கேட்பது குருவுக்கு மேலே இருக்கும் குரு இல்லை, எதிரே உட்கார்ந்திருக்கும் மாணவர்தான். வலிக்கிறது என்றால் நிறுத்துகிறாரா, கேள்வி கேட்டால் பதில் சொல்கிறாரா என்று பாருங்கள்.

மாலைநடை:
புரிகிறது. அப்படியானால் முகாமில் சொன்ன முறையையே வீட்டில் தொடரலாமா? காலையும் மாலையும் ஒவ்வொரு மணி நேரம் உட்காரச் சொன்னார்கள், அவ்வளவு முடியவில்லை.

பாய்விரிப்பு:
தாராளமாகத் தொடருங்கள். அரை மணியில் ஆரம்பித்தாலும் தப்பில்லை. ஒன்றை மட்டும் கவனியுங்கள். தூக்கம் கெடுவது, காரணமில்லாத பயம், நாள் முழுக்க எதிலும் ஒட்டாத உணர்வு என்று வந்தால், பழைய சம்ஸ்காரம் (மனதில் பதிந்த தடயங்கள்) வெளியேறுகிறது என்று யார் சொன்னாலும் பயிற்சியை நிறுத்திவிட்டு மருத்துவரைப் பாருங்கள். ஏற்கனவே மனநல மருந்து எடுப்பவராக இருந்தால் அடுத்த முகாமுக்கு விண்ணப்பிக்கும்போதே அதை எழுதிவிடுங்கள், அந்தப் படிவத்தில் கேட்பார்கள்.