குளூட்டனும் பாலும் இல்லாத கேக்: ரெடிமேட் மிக்ஸில் செய்த அனுபவம்

என் மகளுக்குச் சீலியாக் நோய் இருக்கிறது. கோதுமை, பார்லி, ரை எதுவும் ஆகாது, அவற்றில் உள்ள குளூட்டன் என்ற புரதம்தான் காரணம். போதாததற்குப் பால் புரத ஒவ்வாமையும் உண்டு. அவளுடைய ஏழாவது பிறந்தநாளுக்கு நானே கேக் செய்துவிடலாம் என்று குளூட்டன் ஃப்ரீ கேக் மிக்ஸ் வாங்கி வைத்திருந்தேன்.

முதல் நாள் இரவு முட்டையை உடைக்கப் போகும்போதுதான் பெட்டியின் பக்கவாட்டில் இருந்த பொடி எழுத்தைப் படித்தேன். சர்க்கரை, அரிசி மாவு, உருளைக்கிழங்கு ஸ்டார்ச், அடுத்து 'வே பவுடர்'. பாலிலிருந்து எடுப்பதுதான் அது. கை நடுங்கிவிட்டது. முன்பக்கம் கொட்டை எழுத்தில் 'குளூட்டன் ஃப்ரீ' என்று பார்த்ததுமே நிம்மதியாகி, மேற்கொண்டு படிக்காமல் விட்டிருக்கிறேன்.

இப்போதெல்லாம் வே, கேசீன் (இதுவும் பால் புரதம்தான்), பால் பவுடர் இந்த மூன்றும் இல்லையென்று பார்த்த பிறகுதான் பெட்டியைக் கூடையில் போடுகிறேன். 'லாக்டோஸ் ஃப்ரீ' என்று இருந்தாலும் எங்களுக்கு உதவாது. அதில் பால் சர்க்கரை மட்டும்தான் இருக்காது, புரதம் அப்படியே இருக்கும்.

சரி, இரண்டும் இல்லாத மிக்ஸ் கிடைத்தது. ஆனால் அதிலும் முதல் கேக் சரியாக வரவில்லை. 120 கிராம் வெண்ணெய் போடச் சொல்லியிருந்தார்கள், நான் அதே அளவு எண்ணெய் ஊற்றினேன். அடியெல்லாம் எண்ணெய்ப் பிசுக்கு. வெண்ணெயில் ஏறக்குறைய 80 சதவீதம்தான் கொழுப்பு, மீதியில் பெரும்பகுதி தண்ணீர். அடுத்த முறை 95 கிராம் எண்ணெயும் இரண்டு மேசைக்கரண்டி தண்ணீரும் சேர்த்தேன், சரியாக இருந்தது. பாலுக்குப் பதில் சோயா பால்.

நறநறப்புதான் பெரிய தொல்லை. அரிசி மாவு ஈரத்தை மெதுவாகத்தான் உறிஞ்சும். கலந்த உடனே ஓவனில் வைத்தால் மணலை மெல்வது போல இருக்கிறது. கலவையை அரை மணி நேரம் மூடி வைத்தேன். திறந்து பார்த்தால் கரண்டியிலிருந்து நீர் மாதிரி ஓடியது கெட்டியாகி, நாடா போல மடிந்து விழுந்தது. வெந்த பிறகு நறநறப்பே தெரியவில்லை. இதற்குக் கொஞ்சம் பொறுமை வேண்டும், அவ்வளவுதான்.

அப்புறம், சூட்டோடு வெட்டவே வெட்டாதீர்கள். குளூட்டன் இல்லாத கேக்கைத் தாங்கிப் பிடிப்பது ஸ்டார்ச்சும் முட்டையும், கலவையைக் கெட்டியாக்கும் சாந்தன் கம் என்ற பொடியும்தான். ஸ்டார்ச் ஆறினால்தான் இறுகும். முதல் தடவை அவசரப்பட்டு வெட்டி, உள்ளே வேகவில்லை என்று நினைத்து மறுபடி ஓவனில் வைத்து, ஓரமெல்லாம் காய்ந்துபோயிற்று.

எதைக் கொடுத்தாலும் "அம்மா, இது நான் சாப்பிடலாமா?" என்று கேட்பவள், அன்று கேட்காமலே இரண்டாவது துண்டை எடுத்துக்கொண்டாள். நான் பார்த்துக்கொண்டே நின்றேன்.

•

அக்கா, படிக்கும்போதே கண் கலங்கிவிட்டது. எங்கள் வீட்டில் கணவருக்குச் சீலியாக். மிக்ஸ் நல்லது, எண்ணெய் நல்லது, எல்லாம் பார்த்துத்தான் செய்தேன். ஆனாலும் அவருக்கு இரண்டு நாள் வயிறு சரியில்லை. யோசித்து யோசித்துக் கடைசியில் சல்லடையில் வந்து நின்றேன். வழக்கமாகக் கோதுமை மாவு சலிக்கும் அதே சல்லடையில் கட்டி உடைய மிக்ஸையும் சலித்திருந்தேன். எவ்வளவு கழுவினாலும் வலைக்கண்ணில் மாவு தங்கிவிடும். கோடெக்ஸ் என்ற சர்வதேச உணவுத் தரவிதிப்படி குளூட்டன் ஃப்ரீ என்றால் ஒரு கிலோவுக்குக் குளூட்டன் 20 மில்லிகிராமைத் தாண்டக்கூடாது. அப்படியென்றால் ஒரு சிட்டிகை கோதுமை மாவுகூட அதிகம்தானே! மரக்கரண்டியையும் தனியாக வைத்துவிட்டேன்.

•

குளூட்டன் இல்லாத கேக் மறுநாளே உதிர்ந்து போகிறது என்பவர்களுக்கு: ஆறியதும் துண்டு போட்டு, தனித்தனியாகச் சுற்றி ஃப்ரீசரில் வைத்துவிடுங்கள். ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டில் வைத்தால் இன்னும் சீக்கிரம் வறண்டு போகும். சாப்பிடும்முன் லேசாகச் சூடு காட்டினால் மெத்தென்று ஆகிவிடுகிறது. பள்ளியில் யாருக்காவது பிறந்தநாள் என்றால் என் பையனுக்கு ஒரு துண்டு எடுத்துக் கொடுத்தனுப்ப வசதியாக இருக்கிறது.

•

சல்லடை எனக்குத் தோன்றவே இல்லை, தங்கச்சி. இப்போதுதான் எங்களுடையதை எடுத்து விளக்கு வெளிச்சத்தில் பார்த்தேன். வலையும் வளையமும் சேரும் இடத்தில் சுற்றிலும் வெள்ளையாக ஒரு கோடு. நாளைக்கே புதிதாக ஒன்று வாங்கி, பிடியில் என் மகள் பெயரை எழுதி வைத்துவிடுகிறேன்.