வயது கடந்த கிடாரிக்குக் கன்றுவீச்சு நோய்த் தடுப்பூசி போடலாமா?

எங்கள் தொழுவத்தில் ஒரு பசு ஏழாம் மாதச் சினையில் கன்று வீசியது, நஞ்சுக்கொடியும் விழவில்லை. ரோஸ் பெங்கால் என்னும் இரத்தச் சோதனையில் புருசெல்லா (கன்றுவீச்சு நோய்க் கிருமி) இருப்பதாக வந்ததால், அதைத் தனியே கட்டி, கழிவுகளைக் கையுறை அணிந்து சுண்ணாம்பிட்டுப் புதைத்தோம்; காய்ச்சாத பாலை எவரும் தொடுவதில்லை.

உடன் நின்ற கிடாரிக்குப் பத்து மாதம். சினையில்லை, சோதனையில் நோயுமில்லை. இந்நோய்க்கான எஸ்19 தடுப்பூசியைப் பெண் கன்றுகளுக்கு 4 முதல் 8 மாதத்திற்குள் போடுவதே வழக்கம் என்பதாலும், பிந்திப் போட்டால் பிற்காலச் சோதனைகளில் ஊசியால் வந்த எதிர்ப்பொருளை நோயிலிருந்து பிரித்தறிவது கடினம் என்பதாலும் எங்கள் மருத்துவர் தயங்குகிறார். குறைந்த அளவைக் கண்சொட்டாக இடலாம் என்கிறார் மற்றொருவர். உயிருள்ள கிருமி மருந்து (தவறிக் கையில் குத்தினால் மனிதருக்கே தொற்றும்) என்பதால் நாங்களாக எதுவும் செய்யவில்லை.

இவ்வயதுக் கிடாரிக்குக் கண்சொட்டு முறையில் மருந்து இட்டவர்களுக்கு அடுத்தடுத்த சோதனைகளில் என்ன முடிவு வந்தது?