ரொட்டி சானாய் போடும் கைக்கு டென்னிஸ் எல்போ: பயிற்சி எடையை எப்போது கூட்டுவது?
வணக்கம். மலேசியாவில், பட்டர்வொர்த்தில் ரொட்டி சானாய் (பரோட்டா மாதிரி) போடுகிறேன், வயது 43. வலது முழங்கையின் வெளிப்பக்கம் 5 மாதமாக வலி. மாவை வீசும்போதும் தே தாரேக் (இழுத்து ஆற்றும் பால் டீ) குவளையைத் தூக்கும்போதும் சுள்ளென்று இழுக்கிறது. மரத்துப்போதல் இல்லை. கிளினிக்கில் டென்னிஸ் எல்போ என்றார்கள். நான் டென்னிஸ் மட்டையைத் தொட்டதே இல்லை!

ஸ்டீராய்டு ஊசி 3 வாரம் சுகம் தந்தது, அப்புறம் பழையபடி. முழங்கைக்குப் பட்டையும் கட்டிப் பார்த்தாச்சு. இப்போது 6 வாரமாகப் பயிற்சி: முன்கையை மேசையில் வைத்து, உள்ளங்கை கீழே பார்க்க, 1 கிலோ டம்பெல்லை இடது கையின் உதவியோடு தூக்கி, வலது மணிக்கட்டால் மெதுவாக இறக்குவது. 15 தடவை, 3 சுற்று. வலி பத்துக்கு 7 இருந்தது, 5 ஆகி அங்கேயே நிற்கிறது. கடைக்கு லீவு போட வழியில்லை.

கைவேலையை விடாமலே இதிலிருந்து தேறியவர்கள், எடையை எப்போது, எவ்வளவு கூட்டினீர்கள்?