ராஜா யார் பெயரில்?

சரோஜா அத்தை: அவசரம். எங்கள் புளோக் குழுவில் வந்த செய்தி. செப்டம்பர் 1 முதல் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழகம்) அதிகாரிகள் வீடு வீடாக வந்து பூனைகளைப் பிடித்துக்கொண்டு போவார்களாம். அம்மா காலையிலிருந்து சாப்பிடவில்லை.

மீனா: ராஜா?

சரோஜா அத்தை: அது சாப்பிட்டது. இரண்டு முறை.

குணா சித்தப்பா: அக்கா, அது வதந்தி. யாரும் பிடிக்க வரமாட்டார்கள். சிங்கப்பூரில் வீவக வீட்டில் பூனை வளர்க்க 1989 முதல் இருந்த தடையை எடுத்து இரண்டு வருடம் ஆகப்போகிறது. 2024 செப்டம்பர் 1 முதல் வீவக வீட்டில் இரண்டு பூனை வரை வைத்துக்கொள்ளலாம். ஆனால் மைக்ரோசிப் போட்டு லைசன்ஸ் எடுக்க வேண்டும். அதற்குக் கொடுத்த அவகாசம்தான் 2026 ஆகஸ்ட் 31 அன்று முடிகிறது. அதற்குப் பிறகும் லைசன்ஸ் இல்லாமல் வைத்திருந்தால் 5,000 வெள்ளி வரை அபராதம். இதை நான் 2024லேயே இந்தக் குழுவில் போட்டேன். யாரும் படிக்கவில்லை.

அரவிந்த்: படித்தோம் குணா மாமா. நீளமாக இருந்தது

சரோஜா அத்தை: இரண்டுதானா? மணி, சுந்தரி, ராஜா, மூன்று ஆகிறதே

குணா சித்தப்பா: ஏற்கெனவே அதிகமாக வைத்திருப்பவர்கள் அவகாசம் முடிவதற்குள் எல்லாவற்றுக்கும் லைசன்ஸ் எடுத்துவிட்டால் வைத்துக்கொள்ளலாம். தவறவிட்டால் சிக்கல். மணிக்கும் சுந்தரிக்கும் எடுத்தாயிற்றா?

அரவிந்த்: எடுத்தாயிற்று. என் பெயரில். ராஜாவுக்குத்தான் சிப்பே இல்லை

பெரியம்மா: தடை இருந்த காலத்திலேயே மூன்று வளர்த்தார்கள். இப்போதுதான் சட்டம் ஞாபகம் வருகிறது.

சரோஜா அத்தை: அண்ணி, அந்தக் காலத்தில் வீவகவுக்கு போன் போட்டது யார் என்று எனக்கும் தெரியும்.

பெரியம்மா: நான் போடவில்லை. எத்தனை முறை சொல்வது

மீனா: 🙈

அரவிந்த்: பாட்டி பிறந்தநாளுக்கு மட்டனா கோழியா? இன்று சொல்ல வேண்டும்

சரோஜா அத்தை: சிப் போட்டால் வலிக்குமா? அப்புறம் ராஜா காரிடாரில் எங்கே போகிறது என்று போனில் பார்க்கலாம்தானே?

குணா சித்தப்பா: பார்க்க முடியாது. இதை எல்லாருமே தப்பாக நினைக்கிறார்கள். சிப் ஓர் அரிசி அளவுதான். ஊசி மூலம் தோள்பட்டைகளுக்கு நடுவே தோலுக்கு அடியில் வைப்பார்கள். உள்ளே பேட்டரி கிடையாது. ஸ்கேனரை அருகில் கொண்டுபோனால் 15 இலக்க எண் ஒன்று தெரியும், அவ்வளவுதான். அந்த எண்ணுக்கு யார் பெயரும் போன் நம்பரும் பதிவாகியிருக்கின்றன என்பதுதான் முக்கியம். நம்பர் மாறினால் நாம்தான் போய் மாற்ற வேண்டும். அப்புறம் காரிடாரில் ஏன் விடுகிறீர்கள்? ஜன்னலுக்கும் கேட்டுக்கும் வலை அடிக்கச் சொல்லி எத்தனை நாள் ஆகிறது?

மாமா: வலைக்கு அளவு எடுத்திருக்கிறேன்.

அரவிந்த்: அப்பா அளவு எடுத்தது போன தீபாவளிக்கு

பெரியம்மா: கோழி. மட்டன் வேண்டாம், எங்கள் வீட்டுக்காரருக்குக் கொலஸ்ட்ரால் இருக்கிறது.

குணா சித்தப்பா: கருத்தடை செய்தாயிற்றா? கட்டாயம் இல்லை. ஆனால் செய்த பூனைக்கு ஒரே தடவையில் ஆயுள் லைசன்ஸ் முடிந்துவிடும். செய்யாவிட்டால் புதுப்பித்துக்கொண்டே இருக்க வேண்டும்.

சரோஜா அத்தை: ராஜா ஆண் பூனைதானே. எதற்கு ஆபரேஷன்?

மீனா: அத்தை, ராஜா போட்டோ ஒன்று போடுங்கள்

சரோஜா அத்தை: 📷

மீனா: கறுப்பு, வெள்ளை, ஆரஞ்சு. மூன்று நிறம்!

குணா சித்தப்பா: அக்கா. மூன்று நிறப் பூனை ஏறக்குறைய எல்லாமே பெண்தான். ஆரஞ்சாகவா கறுப்பாகவா என்பதைத் தீர்மானிப்பது எக்ஸ் குரோமோசோம். இரண்டு நிறமும் சேர்ந்து வர இரண்டு எக்ஸ் வேண்டும். ஆண் பூனைக்கு ஒன்றுதான். மிக அரிதாக ஆண் பிறப்பதுண்டு, ஆனால்

அரவிந்த்: ஆனால் நம் வீட்டில் பிறக்காது

மீனா: வயிறு வேறு பெரிதாகத் தெரிகிறதே

சரோஜா அத்தை: நன்றாகச் சாப்பிடுகிறது, அதனால்தான்

பெரியம்மா: நன்றாகச் சாப்பிடுகிறதாம். 😂 காரிடாரில் உலாத்தினால் வேறென்ன ஆகும்

மாமா: எத்தனை குட்டி இருக்கும்?

குணா சித்தப்பா: நான்கு மாதத்திலேயே பூனை சினையாகலாம். சினைக்காலம் சுமார் இரண்டு மாதம்தான். நாள் கடத்தாதீர்கள். ஏற்கெனவே மூன்று, குட்டிகளைச் சேர்த்தால் கணக்கு எங்கே போய் நிற்கும்? சனிக்கிழமை டாக்டரிடம் காட்டுங்கள். ஆபரேஷன் இப்போதா, குட்டி போட்ட பிறகா என்று அவர் சொல்லட்டும். சிப்பையும் கேளுங்கள்.

அரவிந்த்: சனிக்கிழமை ஹால் பார்க்கப் போகிறோம்

பெரியம்மா: ஹால் மாலையில்தான்

அரவிந்த்: காலை என்று பேசியிருந்தோம்

மீனா: சரி, ராஜா லைசன்ஸ் யார் பெயரில்? அரவிந்தா?

அரவிந்த்: எனக்கு டிசம்பரில் கல்யாணம். இரண்டு பூனைக்குச் சொந்தக்காரன் என்பதையே இன்னும் பெண் வீட்டில் சொல்லவில்லை

மாமா: என் பெயர் வேண்டாம். எனக்குத் தும்மல்.

சரோஜா அத்தை: குணா, உன் பெயரில் போட்டால் என்ன? எல்லாம் தெரிந்தவன் நீதான்.

குணா சித்தப்பா: பூனை உங்கள் வீட்டில், பெயர் என்னுடையதா? அப்படிச் செய்யக் கூடாது. அது தொலைந்தால் எனக்குத்தான் போன் வரும்.

பெரியம்மா: போன் வந்தால் எடுக்கவா போகிறாய்

சரோஜா அத்தை: அம்மா பேசுகிறார்கள் 🎤 0:11

மீனா: பஸ்ஸில் இருக்கிறேன், யாராவது எழுதுங்கள்

அரவிந்த்: "என் பெயரில் போடு. நான்தானே சோறு வைக்கிறேன். ஆணாக இருந்தால் என்ன, பெண்ணாக இருந்தால் என்ன, பெயர் ராஜாதான்."

குணா சித்தப்பா: முதல்முறை எடுப்பவர் ஆன்லைனில் ஒரு பாடம் முடிக்க வேண்டும். இலவசம்தான். ஆனால் அம்மாவுக்கு 80 வயது ஆகிறது.

சரோஜா அத்தை: அம்மா கேட்கிறார்கள், பாடம் தமிழில் இருக்கிறதா?

மீனா: நான் ஞாயிற்றுக்கிழமை வந்து பக்கத்தில் உட்கார்ந்து படித்துச் சொல்கிறேன்

குணா சித்தப்பா: அதற்கு முன்னால் சிப் வேண்டும். சனிக்கிழமை யார் அழைத்துப் போவது?

மாமா: அந்தக் கூடை எங்கே?

சரோஜா அத்தை: அண்ணி வீட்டில். போன வருடம் வாங்கிக்கொண்டு போனது.

பெரியம்மா: அதில் வெங்காயம் போட்டு வைத்திருக்கிறேன். வேண்டுமானால் வந்து எடுத்துக்கொள்ளுங்கள்.

அரவிந்த்: அப்போ கோழி என்று சொல்லிவிடவா?