1970 எம்ஜிபி ரோட்ஸ்டர்: 15 வயது மகளோடு சேர்ந்து திருத்த எங்கே தொடங்குவது?

லெஸ்டர்வாசி:

வணக்கம் உறவுகளே. பிரிட்டனில் இருக்கிறோம். 1970ஆம் ஆண்டு எம்ஜிபி ரோட்ஸ்டர் (கூரையில்லாத பழைய பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார்) ஒன்று எங்கள் கராஜுக்கு வந்து சேர்ந்திருக்கிறது. குரோம் பம்பர், கம்பிச் சக்கரம், ஓவர்டிரைவ் உள்ள கியர்பொக்ஸ். ஏறக்குறைய 20 வருடம் ஓடாமல் நின்ற வண்டி. எஞ்சின் இறுகிப்போய்க் கிடக்கிறது, சுற்றவில்லை. பிறேக் இல்லை. கிளட்ச் பெடல் தரையைத் தொட்டுவிட்டு அங்கேயே நிற்கிறது. கதவுக்குக் கீழே ஓடும் ஸில் இரண்டிலும் கறுப்புப் பூச்சு தடிப்பாக அப்பியிருக்கிறது, பல இடங்களில் காந்தம் ஒட்டவில்லை.

மகளுக்கு 15 வயது. 17இல் லைசன்ஸ் எடுக்கும்போது இது ஓட வேண்டும் என்கிறாள். கிழமைக்கு ஒரு நாள், நாலு மணித்தியாலம் கிடைக்கும். முழுவதையும் கழற்றிவிட்டுத் தொடங்குவதா? முதலில் எஞ்சினா, பொடியா? அவள் தனியாகச் செய்யக்கூடியவை எவை, கை வைக்கவே கூடாதவை எவை? இருவருக்கும் வெல்டிங் தெரியாது.

ஏழுபதினாறு:

முழுசா மட்டும் கழற்றாதீங்க அண்ணே. பாதியில நின்னுபோன எம்ஜிபி எல்லாமே அட்டைப்பெட்டிகளாத்தான் விற்பனைக்கு வரும். வாரம் நாலு மணி நேரம்தான்னா ஒரு நேரத்துல ஒரு பகுதி. அதை முடிச்சுப் பூட்டிட்டு அடுத்ததுக்குப் போங்க.

முதல்ல ஸில். காந்தம் ஒட்டலைன்னா அங்க இருக்கிறது பட்டியும் ஃபைபரும்தான். இந்த வண்டிக்குத் தனி சேசிஸ் கிடையாது, கூரையும் கிடையாது, அதனால நடுவுல மடங்காம பிடிச்சிருக்கிறதே ஸில்தான். அது ஒரே தகடு இல்ல. வெளித்தகடு, நடுவுல செங்குத்தா ஒரு தகடு, உள்தகடு, அடியில கோட்டை மதில் மாதிரி வெட்டுவெட்டா இருக்கிற ரெயில். அழுகின வெளித்தகட்டு மேலேயே புதுசா இன்னொண்ணை ஒட்டிக் கறுப்புப் பூச்சு அடிச்சு வித்துடுவாங்க. கார்பெட்டைத் தூக்கி, தரையும் உள்தகடும் சேர்ற ஓரத்தை மழுங்கின ஸ்க்ரூடிரைவரால குத்திப் பாருங்க. ஜாக்கி வைக்கிற இடம், பின் ஸ்பிரிங் மாட்டற இடம், சீட்டுக்குப் பின்னாடி பேட்டரிப் பெட்டி, இதெல்லாமும். அப்புறம் கதவைச் சாத்தி இடைவெளியைப் பாருங்க. கீழே அகலமா இருந்து மேலே நெருங்கியிருந்தா உடம்பு நடுவுல தொய்ஞ்சிருக்குன்னு அர்த்தம்.

மாத்தும்போது ரெண்டு பக்கத்தையும் ஒண்ணா வெட்டவே கூடாது. கீல் மாட்டற துளையிலேர்ந்து பூட்டு மாட்டற துளை வரைக்கும் 25 மி.மீ. சதுரக் குழாயை போல்ட் போட்டு இறுக்கிட்டு, ஒரு பக்கம் முடிச்ச பிறகுதான் அடுத்தது. வண்டி முன் கிராஸ்மெம்பர்லயும் பின் ஆக்சில்லயும் மட்டமா உக்காந்திருக்கணும். ஜாக்கி பாயின்ட்ல தாங்க வெச்சு வெட்டினா வளைஞ்ச வடிவத்துலயே வெல்டு ஆயிடும், அப்புறம் கதவு சாகிற வரைக்கும் சாத்தாது. டேக் (தற்காலிகப் புள்ளி வெல்டு) வெச்சதும் குழாயை எடுத்துட்டுக் கதவை மாட்டி இடைவெளியைப் பாருங்க, சரியா இருந்தா குழாயைத் திரும்பப் போட்டு முழு வெல்டு. முன் விங் போல்ட்ல நிக்குது, கழற்றலாம். சில போல்ட் டேஷ்போர்டுக்கு அடியிலேர்ந்துதான் எட்டும், அங்கதான் பொறுமை போகும். பின் விங்கோட கீழ்முனை ஸில்லோட பின்பகுதியை மூடியிருக்கும், அது வெல்டு. அதை வெட்டாம ஸில்லை முழுசா மாத்த முடியாது.

வெல்டிங் கத்துக்கிட்டுத்தான் ஆகணும்னு இல்ல. ஸ்பாட் வெல்டை 8 மி.மீ. பிட்டால எடுத்து, தகட்டைப் பளபளன்னு தேய்ச்சு, சேர்ற முகத்துல ஜிங்க் பிரைமர் அடிச்சு, கிளாம்ப் போட்டு வைக்கிற வரைக்கும் நீங்க ரெண்டு பேரும். அதுதான் வேலையில முக்கால்வாசி. ஸில்லுக்கு மட்டும் கைதேர்ந்த ஆளை வீட்டுக்கே கூப்பிடுங்க. பொண்ணு ஆசைப்பட்டா 1 மி.மீ. வெட்டுத் தகட்டுல பழகட்டும். மிக் மெஷின், 0.6 மி.மீ. கம்பி, ஆர்கான்–கார்பன் டை ஆக்சைடு கலவை. கேஸ் இல்லாத கம்பி மெல்லிசுத் தகட்டுக்கு ஆகாது, ஓட்டை போட்டுடும். புள்ளி புள்ளியா, ஒரு இடத்துல வெச்சுட்டுத் தூரமா அடுத்ததுக்குப் போகணும். ஒரே இழுப்புல இழுத்தா தகடு அப்பளம் மாதிரி நெளியும். பழகின துண்டை வைஸ்ல வெச்சுச் சுத்தியலால மடக்குங்க: தகடு கிழிஞ்சா வெல்டு நல்லது, வெல்டு விட்டுச்சுன்னா இன்னும் பழகணும். எல்லாம் முடிஞ்சு பெயின்ட் காய்ஞ்சதும் ஸில்லுக்குள்ள மெழுகு அடிக்க மறந்துடாதீங்க. மறந்தா பத்து வருஷத்துல இதே வேலை.

கார்புரேட்டர்_கண்ணம்மா:

ஏழுபதினாறு சொன்ன ஸில் விவரம் அத்தனையும் சரி. வரிசையில்தான் எனக்கு உடன்பாடில்லை. 15 வயதுப் பெண்ணை ஒரு குளிர்காலம் முழுக்கத் துருவோடு உட்கார வைத்தால் அடுத்த குளிர்காலத்தில் கராஜில் அப்பா மட்டும்தான் இருப்பார். குத்திப் பார்க்கும் வேலையை முதல் நாளே முடித்துவிடுங்கள், வெட்டும் வேலை காத்திருக்கட்டும். முதலில் எஞ்சினை உயிர்ப்பியுங்கள். பிளாக்கில் விரிசல் இருந்தால் உடம்புக்குச் செலவழிக்கும் முன்பே தெரிந்துவிடும்.

இறுகிய எஞ்சினுக்கு அவசரம் கூடாது. நான்கு பிளக்கையும் கழற்றுங்கள். ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸுக்கான ஆயிலும் (ஏடிஎஃப்) அசிட்டோனும் சமபங்கு கலந்து, ஒவ்வொரு சிலிண்டரிலும் 50 மி.லி. ஊற்றி ஒரு வாரம் விடுங்கள். அசிட்டோன் ஆவி தீப்பிடிக்கும், கராஜ் கதவு திறந்திருக்க வேண்டும், கலவையை அப்பா கையாளட்டும். பிறகு நாலாம் கியரில் போட்டு வண்டியை முன்னும் பின்னும் ஆட்டுங்கள். ஒரு நூல் அசைந்தாலும் போதும், மறுபடி ஊற்றிக் காத்திருங்கள். ஸ்டார்ட்டரால் வலிந்து சுற்றுவதோ கயிறு கட்டி இழுப்பதோ வேண்டாம், பிஸ்டன் ரிங் உடையும்.

சுற்றத் தொடங்கியதும் பழைய ஆயிலை வடித்து ஃபில்டரை மாற்றி 20டபிள்யூ-50 ஊற்றுங்கள், சுமார் 4.3 லிட்டர் பிடிக்கும். ஜிங்க் சேர்மானம் உள்ள, பழைய எஞ்சினுக்கென்றே விற்கும் ஆயில் வேண்டும். இப்போதைய மெல்லிய ஆயிலில் கேம்ஷாஃப்டும் டப்பெட்டும் தேயும். பிளக் இல்லாமலே ஸ்டார்ட்டரை விட்டு விட்டுச் சுற்றி, ஆயில் பிரஷர் முள் எழுந்த பிறகுதான் பிளக்கை மாட்ட வேண்டும். ஓடும்போது சூட்டில் 50 முதல் 80 பிஎஸ்ஐ, ஐடிலில் 10 முதல் 25. ஐடிலில் முள் விழுகிறதே என்று பதற வேண்டாம், இந்த எஞ்சினின் இயல்பு அது.

டப்பெட் வேலையை, அதாவது வால்வு இடைவெளி சரிசெய்வதை, மகளுக்கே கொடுத்துவிடுங்கள். இடைவெளி 0.015 அங்குலம். ஒன்பது என்று ஒரு கணக்கு இருக்கிறது: 8ஆம் வால்வு முழுதாகத் திறந்திருக்கும்போது 1ஆவதைச் சரிசெய்ய வேண்டும், 6 திறந்திருந்தால் 3. கூட்டினால் 9 வரும். ஒரு தடவை சொன்னால் போதும், பிறகு உங்களுக்கே அவள் சொல்லித் தருவாள். பிளக் இடைவெளி 0.025 அங்குலம், டிஸ்ட்ரிபியூட்டரில் உள்ள பாயின்ட் 0.015. எரியும் வரிசை 1-3-4-2, ரோட்டர் இடஞ்சுழியாகச் சுற்றும். வயர் மாறிப் போவது பெரும்பாலும் இதை மறப்பதால்தான். ரோட்டரும் கண்டென்சரும் வாங்கும்போது விலை பார்க்காதீர்கள். தலையில் ரிவிட் அடித்த மலிவு ரோட்டர் சூடானதும் கசிந்து வண்டியை நிறுத்தும், நீங்கள் பெட்ரோல் கோளாறு என்று கார்புரேட்டரைக் கிண்டிக்கொண்டிருப்பீர்கள்.

பெட்ரோல் டேங்க்கை இப்போதைக்கு விட்டுவிட்டு, தனிக் கேனிலிருந்து பம்ப்புக்குக் குழாய் கொடுங்கள். 20 வருடப் பெட்ரோல் அரக்காகியிருக்கும். கேனைச் சூட்டிலிருந்தும் பேட்டரியிலிருந்தும் தள்ளி வையுங்கள். பிரிட்டனில் 2021 செப்டம்பர் முதல் சாதாரண பெட்ரோல் ஈ10, அதாவது 10 சதவீதம் வரை எத்தனால் கலந்தது. அது பழைய ரப்பர் குழாயைத் தின்னும், எனவே ஈ10 தாங்கும் குழாயாக மாற்றிவிட்டு, ஊற்றும்போது ஈ5 என்று போட்ட சூப்பர் வகையைப் பாருங்கள்.

எஸ்யூ எச்எஸ்4 இரட்டைக் கார்புரேட்டர் பயமுறுத்தும், ஆனால் பாகங்கள் குறைவு. ஒன்றன் மணி வடிவ மேல்மூடியையும் பிஸ்டனையும் மற்றதோடு மாற்றிவிடக் கூடாது, அவை ஜோடியாகக் கடைந்தவை. இரண்டு தட்டு, இரண்டு துணி, ஒரு நேரத்தில் ஒன்று. பூட்டிய பின் பிஸ்டனைத் தூக்கி விட்டால் டக்கென்று விழ வேண்டும். ஜெட்டைப் பாலத்தோடு (காற்றுவழியின் அடியில் மேடாக இருக்கும் பகுதி) மட்டமாக்கி, நட்டை 12 முகம், அதாவது இரண்டு சுற்று கீழே இறக்குங்கள், அதுதான் தொடக்க நிலை. எஞ்சின் சூடானதும் பிஸ்டனை ஒரு மி.மீ.க்கும் குறைவாகத் தூக்குங்கள். வேகம் ஏறி ஏறியபடியே நின்றால் பெட்ரோல் அதிகம், அணையப் பார்த்தால் குறைவு, லேசாக ஏறி இறங்கி அடங்கினால் சரி. இரண்டின் காற்றிழுப்பும் சமமா என்பதை ஒரு ரப்பர் குழாயைக் காதில் வைத்துச் சீறலைக் கேட்டே சொல்லலாம். இதில் இளம் காது நம் காதைவிட மேல்.

துருப்பிடித்தவன்:

இருவரும் தொடாததை மட்டும் சொல்கிறேன்.

மகள் கை வைக்கக் கூடாதவை: ஜாக்கி மட்டும் தாங்கும் வண்டிக்கு அடியில் போவது (கெட்டியான தரை, நான்கு ஸ்டாண்ட், தோளால் முட்டி ஆட்டிப் பார்த்த பிறகே உள்ளே), பழைய பிரேக் தூசியை ஊதுவது, டேங்க் பக்கத்தில் நெருப்பு. 1999க்கு முந்தைய பிரேக் ஷூ, கிளட்ச் பிளேட் எதிலும் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம். ஈரத்துணியால் துடைத்துப் பையில் கட்டிப் போடுங்கள், காற்றழுத்தக் குழாய் வேண்டாம். காலி டேங்க்தான் நிறைந்ததைவிட ஆபத்து, உள்ளே நிற்பது ஆவி. அதை வெல்டு செய்யப் பார்க்காமல் புதியது வாங்குங்கள். டூ-பேக் பெயின்ட் (இறுக்கி கலந்து அடிக்கும் இருபகுதிப் பெயின்ட்) வீட்டில் வேண்டவே வேண்டாம், அதிலுள்ள ஐசோசயனேட்டைச் சாதாரண முகமூடி தடுக்காது.

பிரேக்கில் ரப்பர் மட்டும் மாற்றி மிச்சம் பிடிக்காதீர்கள். மாஸ்டர் சிலிண்டர், பின் வீல் சிலிண்டர், மூன்று ஹோஸ், காலிப்பர் பிஸ்டன் எல்லாம் புதிது. குழாய் செம்பு–நிக்கல். சிலிண்டர் உள்சுவரில் ஒரு குழி இருந்தாலும் புது சீல் சில மாதத்தில் கிழியும்.

கம்பிச் சக்கரத்தை மாட்டும் முன் ஹப்பின் பல்லை விரலால் தடவுங்கள். முனை கத்தி போலக் கூர்ந்திருந்தால் ஹப்பும் சக்கரமும் சேர்த்தே மாற்ற வேண்டும். இடப்பக்கத்து நட் வழக்கமான மரை, வலப்பக்கம் எதிர்மரை. மாற்றி மாட்டினால் ஓட ஓடத் தளரும். கிங்பின்னில் (முன்சக்கரம் திரும்பும் அச்சு) பக்கத்துக்கு மூன்று கிரீஸ் நிப்பிள். சக்கரம் தரையில் ஊன்றாமல் தொங்கும்போது அடித்தால்தான் கிரீஸ் உள்ளே போகும்.

மகளுக்கென்று முழுதாக ஒரு பகுதி கொடுக்க வேண்டுமானால் வயரிங். லூகாஸ் நிறங்கள் அவள் ஒரே மாலையில் மனப்பாடம் செய்துவிடுவாள். பழுப்பு எப்போதும் உயிர், வெள்ளை சாவி போட்டால் உயிர், பச்சை அதன் ஃபியூஸுக்கு அப்பால், ஊதா எப்போதும் உயிர் ஆனால் ஃபியூஸோடு, கறுப்பு எர்த். பழுப்பு வயருக்கு ஃபியூஸே கிடையாது, ஆகவே பேட்டரியைக் கழற்றாமல் தொடக் கூடாது. 'லூகாஸ் கோளாறு' என்று திட்டு வாங்குவதில் பெரும்பகுதி பச்சை பூத்த புல்லட் கனெக்டரும் பெயின்ட் மேல் திருகிய எர்த்தும்தான்.

இன்ஷூரன்ஸ் விலையை 17 வயதுக்கு இப்போதே கேட்டு வையுங்கள். பல கிளாசிக் பாலிசிகள் 25க்குக் கீழ் சேர்ப்பதில்லை. 40 வயது கடந்த வண்டிக்கு எம்ஓடி (வருடாந்தப் பாதுகாப்புச் சோதனை) கட்டாயமில்லை, ஆனாலும் கேட்டுச் செய்துகொள்ளுங்கள். வெளியாள் ஒருவர் அடியில் போய்ப் பார்ப்பது நல்லது.

லெஸ்டர்வாசி:

மிக்க நன்றி. குத்திப் பார்த்தோம்: இடப்பக்க ஸில் போய்விட்டது, வலது பாதி. இன்றைக்குப் பிளக் கழற்றிக் கலவையும் ஊற்றியாயிற்று. மகளின் கேள்வி: கிளட்ச் வேலை செய்யாதது பெடல் அழுத்தத்தைக் கடத்தும் எண்ணெயாலா, பிளேட் ஒட்டிக்கொண்டதாலா? எஞ்சினை இறக்காமலே கண்டுபிடிக்கலாமா?

ஏழுபதினாறு:

நல்ல கேள்வி. பெடல் தரையிலேயே நிக்குதுன்னா முதல் சந்தேகம் எண்ணெய்தான். பெடல் பக்கம் இருக்கிற மாஸ்டர் சிலிண்டர், கியர்பாக்ஸ் பக்கம் இருக்கிற ஸ்லேவ் சிலிண்டர், நடுவுல ஹோஸ் மூணையும் மாத்தி ஏர் எடுத்துட்டு, ஒருத்தர் மிதிக்க இன்னொருத்தர் கியர்பாக்ஸ் பக்கத்துல ஸ்லேவோட தள்ளுகம்பியைப் பாருங்க. அரை அங்குலம் கிட்ட நகர்ந்தும் கியர் விழலைன்னாத்தான் பிளேட் ஒட்டியிருக்கு. நகர்றதே கம்மின்னா இன்னும் காத்து இருக்கு, இல்லைன்னா பெடலையும் மாஸ்டரையும் இணைக்கிற பின் தேய்ஞ்சு துளை முட்டை வடிவமாயிருக்கு. அந்தப் பின் சில பவுண்டுதான், பெடல் பெட்டி மூடியைத் திறந்தா கண்ணுக்கே தெரியும். எஞ்சினை இறக்கறதா இருந்தா கியர்பாக்ஸோட சேர்த்தே இறக்குங்க, அப்படியே ரிலீஸ் பேரிங்கையும் மாத்திடுங்க. அது உருளை பேரிங் இல்ல, கார்பன் வளையம். கிளட்ச் மேல காலை வெச்சுக்கிட்டே ஓட்டினா கரைஞ்சுடும், அதைப் பொண்ணுக்கு இப்பவே காட்டிடுங்க.